பூட்டனைத் தேடும் வழி: சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஒரு தொடக்கக் கையேடு

சிங்கப்பூரில் படிவம் ஒன்றை நிரப்பும்போது ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தின் முன் ஒரு நொடியாவது தயங்காத தமிழர் குறைவு. அப்பாவின் பெயரை எழுதுவதா, தாத்தாவின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘பிள்ளை’யை எழுதுவதா, கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவதா என்று யோசிப்போம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்திறங்கிய ஒருவரின் வாழ்க்கையைத் தேடப் புறப்படுகிறவர் அந்தத் தயக்கத்தை மறந்துவிடக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று குடும்பப் பெயர் என்று நம்பி எழுதும் சொல், பல குடும்பங்களில் ஏதோ ஓர் அலுவலக மேசையில் உறைந்துபோன சொல்லாகத்தான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த ஒருவருக்கு நான்கு அடையாளங்கள் இருந்தன: ஊர், தகப்பன் பெயர், தன் பெயர், சாதியையோ தொழிலையோ காட்டும் பட்டம். இவற்றில் எதை முதலில் சொல்வது என்பது எதிரே நின்றவரைப் பொறுத்தது. பக்கத்து ஊர்க்காரரிடம் தகப்பன் பெயரைச் சொன்னார். வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னார். தமிழ் அறியாத எழுத்தர் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டபோது எது கடைசியாக வாயிலிருந்து வந்ததோ அதுவே கடைசிப் பெயராக நின்றது. ஆகவே நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்: பெயரைத் துரத்தாதீர்கள், ஊரைத் தேடுங்கள். ஊர் கிடைத்துவிட்டால் பெயரின் கதை பெரும்பாலும் தானாகவே அவிழும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், என்னைப்போல் இரண்டு ஆண்டுகளை வேறொருவருடைய பூட்டனுக்குப் பின்னால் செலவழிக்க நேரும்.

முதற்படி: வீட்டுக்குள் தேடுதல்

ஆவணக்காப்பகத்துக்குப் போவதற்கு முன் வீட்டுப் பரணை இறக்குங்கள். பழைய கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்றிதழ், கோவில் நன்கொடை ரசீது, அடகுச் சீட்டு, ஜாதகம், கருமாதிப் பத்திரிகை, திருமண அழைப்பிதழ் ஆகிய எல்லாமே பயன்படும். குறிப்பாகத் திருமண அழைப்பிதழை அலட்சியப்படுத்த வேண்டாம். ‘இன்ன ஊர் இன்னாரின் பௌத்திரனும் இன்னாரின் குமாரனுமாகிய’ என்று நீளும் அந்த வாசகத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களும் ஊரும் ஒரே வரியில் கிடைத்துவிடும். எந்த அரசாங்கப் பத்திரமும் இவ்வளவு தாராளமாகத் தகவல் தருவதில்லை.

புகைப்படங்களின் பின்புறத்தைப் பாருங்கள். படம் பிடித்த கடையின் முத்திரையும் தெருப்பெயரும் அங்கே இருக்கலாம். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் நம்மிடம் இருந்ததால், முதலெழுத்துகளோடு சில சமயம் ஊர்ப்பெயரும் விளிம்பிலோ அடியிலோ புள்ளிப்புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். எங்கள் குடும்பத்தில் முதல் துப்பு கிடைத்தது ஆவணத்திலிருந்து அல்ல. பாட்டி அரிசி அளந்துகொண்டிருந்த ஒரு குடத்தின் கழுத்திலிருந்துதான் அது கிடைத்தது.

அடுத்து, பெரியவர்களிடம் பேசுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ‘எந்த ஆண்டு வந்தார்’ என்று தொடங்காதீர்கள். ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்வார்கள், பிறகு அது வேதவாக்காகிவிடும். இப்படிக் கேளுங்கள்: குலதெய்வம் எது, அது எந்த ஊரில் இருக்கிறது? நம் வீட்டில் சாவு விழுந்தால் தீட்டுக் காக்கும் பங்காளிகள் யார் யார்? எந்த வீடுகளில் பெண் கொடுத்து, பெண் எடுத்தோம்? எந்த வீடுகளில் எடுக்கவே கூடாது என்றார்கள்? கொங்கு வேளாளரானால் கூட்டம், மறவரானால் கிளை, நகரத்தாரானால் ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில், கள்ளரானால் என்ன பட்டப்பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாதி பற்றிய கேள்விகள் இன்று பலருக்குக் கூச்சத்தைத் தரும்; எனக்கும் தந்தது. ஆனால் அந்தக் காலத்து மனிதரை அந்தக் காலத்துப் பதிவுகள் அந்த அடையாளத்தோடுதான் எழுதி வைத்திருக்கின்றன என்பதால், தேடலின் தேவைக்காக அதைக் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள்’ என்று ஒரு குடும்பம் சொன்னால், பாதி வேளை அது கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கும். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கடலூர், மதராஸ் ஆகியவை புறப்பட்ட இடங்கள். உள்நாட்டுக் கிராமத்திலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு நடந்தோ வண்டியிலோ வந்தவர்களும் அந்தத் துறையின் பெயரையே ஊராகச் சொல்லிக்கொண்டார்கள். அதேபோலக் கப்பல் பினாங்கைத் தொட்டுத்தான் வந்தது. முன்னோர் பினாங்கிலோ மலாக்காவிலோ ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டுத் தெற்கே வந்திருக்கலாம். 1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸுடன் இங்கு வந்தவரும், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில் எழக் காரணமானவருமான நாராயண பிள்ளையே பினாங்கிலிருந்து வந்தவர்தான்.

இரண்டாம் படி: இன்றிலிருந்து பின்னோக்கி நடத்தல்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, 1850க்கு ஒரே தாவாகத் தாவுவது. உங்களிடமிருந்து தொடங்கி, தந்தை, பாட்டன், பூட்டன் என ஒவ்வொரு தலைமுறையையும் ஓர் ஆவணத்தால் அடுத்த தலைமுறையோடு இணைத்துக்கொண்டே பின்னால் செல்லுங்கள். இணைப்பு அறுந்த இடத்தில் நில்லுங்கள். ஊகத்தால் பாலம் கட்டாதீர்கள்.

சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் 1872 முதல் உள்ளன. இவற்றின் பிரதிகளைக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும். உறவை நிரூபிக்கும் தாள்களைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. தொடக்க ஆண்டுகளில் பலர் பிறப்பைப் பதியவே இல்லை என்பதால், பிறப்புப் பதிவு இல்லையென்றால் சோர்ந்துவிடாமல் இறப்புப் பதிவைத் தேடுங்கள். இறந்தவரைப் பதியாமல் புதைப்பதும் எரிப்பதும் கடினம். வயது, தொழில், இறந்த இடம் ஆகியவற்றோடு தகவல் கொடுத்தவர் யார் என்பதையும் கவனியுங்கள். மைத்துனரோ ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்க்காரரோ கையெழுத்திட்டிருந்தால், அவருடைய ஊரே உங்கள் முன்னோரின் ஊராகவும் இருக்கக்கூடும்.

பின்னோக்கிப் போகும்போது இடையில் மூன்று வாசல்களைக் கடப்பீர்கள். முதலாவது, 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி பதிந்துகொண்டபோது உருவான தாள்கள். வெளிநாட்டில் பிறந்தவரானால் பிறந்த ஊர் அதில் எழுதப்பட்டிருக்கலாம். இரண்டாவது, 1948இல் அறிமுகமான அடையாள அட்டை. மூன்றாவது, ஜப்பானியர் காலத் தாள்கள்; அவற்றில் ஆண்டு 2602 என்றிருந்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம், அது 1942தான்.

1948 அட்டையைப் பற்றி எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். என் தாத்தாவின் அட்டையில் ‘இன்னாரின் மகன்’ என்று இருந்த பெயர்தான் பிறகு என் அப்பாவின் சகோதரர்கள் எல்லாருக்கும் குடும்பப் பெயராயிற்று. 1890களில் பதிவான தாத்தாவின் பிறப்புப் பிரதி கைக்கு வந்தபோது அதில் தகப்பன் பெயர் வேறாக இருந்ததைப் பார்த்து, இது வேறொரு பிள்ளை என்று முடிவு செய்து அதை ஒதுக்கி வைத்தேன். அட்டையில் இருந்த பெயருக்குப் பொருந்திய ஒரு கடைக்காரரைப் பழைய செய்தித்தாள்களில் கண்டுபிடித்து, அவரையே பூட்டன் என்று உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். பிறகு தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு அத்தை, ‘தாத்தாவை வளர்த்தது பெரியப்பாதானே’ என்று சாதாரணமாகச் சொன்னார். பூட்டன் இளம்வயதிலேயே இறந்துவிட, அவருடைய அண்ணன் வளர்த்திருக்கிறார். அட்டை வாங்கப் போன இடத்தில் அப்பா பெயரைக் கேட்டபோது, தாத்தா தன்னை வளர்த்தவரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் ஒதுக்கிய தாள்தான் சரியான தாள்.

மூன்றாம் படி: பெயரின் பல வேடங்களை எழுதி வைத்தல்

ஆங்கிலப் பதிவுகளில் தேடுவதற்கு முன், உங்கள் முன்னோரின் பெயரை ஆங்கிலேய எழுத்தர் எப்படியெல்லாம் காதில் வாங்கியிருப்பார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்கலாம். அவ்வளவு பயன் உண்டு. முத்து என்ற எளிய பெயரில் உகரத்தை ‘யு’ என்றும் எழுதினார்கள், இரட்டை ‘ஓ’ போட்டும் எழுதினார்கள். நடுவில் ‘எச்’ வந்தும் வராமலும் இருக்கும். கருப்பன் ‘கே’யிலும் தொடங்குவார், ‘சி’யிலும் தொடங்குவார். சாமி என்பதில் ‘டபிள்யூ’ நுழைந்து ‘ஸாவ்மி’ போலத் தோன்றும். பிள்ளையின் இறுதி ‘ஐ’யாகவும் ‘ஒய்’யாகவும் மாறும். செட்டியார் ‘செட்டி’யாகவும் ‘சிட்டி’யாகவும் சுருங்குவார். மரைக்காயர் ‘மரிக்கன்’ என்றும் ‘மெரிக்கன்’ என்றும் ஆகி, சில குடும்பங்களில் அப்படியே நிலைத்தும்விட்டார். ழகரம் வரும் பெயரானால் ‘எல்’, ‘ஆர்’, ‘இசட் எச்’ என மூன்று வழிகளிலும் தேட வேண்டும்.

பெயரோடு இனக்குறிப்பையும் மாற்றித் தேடுங்கள். அக்காலப் பதிவுகளில் தமிழர் ‘தமிழர்’ என்று எப்போதும் எழுதப்படவில்லை. ‘சூலியா’, ‘கிளிங்’, ‘மதராஸி’ என்ற சொற்கள் வரும். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ‘கிளிங்’ இன்று இழிசொல்லாகவே காதில் விழும். ஆனால் அந்தச் சொல்லைத் தேடுபெட்டியில் இடாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களில் நம்மவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

நான்காம் படி: செய்தித்தாள்களும் காப்பகங்களும்

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கக் கூடியது. 1835இல் தொடங்கிய ‘சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்’, 1845இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ ஆகியவற்றின் பழைய இதழ்கள் அதில் உள்ளன. எழுத்துகளைக் கணினியே படித்துத் தேடுவதால் மங்கிய அச்சில் ‘என்’ ‘யு’வாகவும், ‘இ’ ‘சி’யாகவும் மாறிப்போகும், பெயர் கிடைக்காவிட்டால் தெருப்பெயர், தொழில், கப்பலின் பெயர் ஆகியவற்றால் தேடிப் பாருங்கள். நம் முன்னோர் செய்தியில் இடம்பெற்றது பெரும்பாலும் வழக்கு, விபத்து, ஏலம், உரிமம் ஆகிய காரணங்களால்தான். பூட்டன் மாட்டு வண்டியை விளக்கில்லாமல் ஓட்டி அபராதம் கட்டியதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். ஆள் இருந்தார், வண்டி இருந்தது, தெருவும் தேதியும் தெரிந்துவிட்டன.

தமிழிலும் இதழ்கள் இருந்தன. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவையொட்டி 1887ஆம் ஆண்டு ஜூன் மாதம் மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழ் 1890 வரை வந்தது. பெயர்கள் தமிழிலேயே இருப்பதால், மேலே சொன்ன எழுத்துத் தொல்லை இல்லை. அந்த மூன்றாண்டுகளுக்குள் உங்கள் முன்னோர் இங்கே இருந்தார் என்றால், இதழ்களைத் தேடிப் பார்ப்பதைவிட ஒவ்வொன்றாகப் புரட்டிப் படிப்பதே மேல்.

கானிங் ரைஸில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகத்தின் வைப்புகளை அணுக ஒரு ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1867. அதற்கு முன் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டன. அக்காலக் கையெழுத்துப் பதிவுகளின் தொகுப்பு காப்பகத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். அவற்றின் இணைப் பதிவுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபிஸ் தொகுப்பில் உள்ளன. 1867க்குப் பின் லண்டனிலிருந்த குடியேற்றநாட்டு அலுவலகத்தின் நேரடி ஆட்சி வந்ததால், கடிதப் போக்குவரத்து லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போய்விட்டது. ‘சிஓ 273’ என்ற தொகுப்பு எண்ணால் அதைக் கேட்க வேண்டும். முன்னோர் அரசாங்க வேலையில் இருந்திருந்தால் அரசிதழையும், ஊழியர்களின் பெயரும் சம்பளமும் வரும் ஆண்டு நீலப் புத்தகங்களையும் பாருங்கள். வீடோ கடையோ கட்டியிருந்தால், 1884 முதல் நகராட்சிக்குக் கொடுக்கப்பட்ட கட்டட வரைபடங்களில் உரிமையாளர் பெயர் இருக்கும். காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கப்பட்டது. உங்கள் குடும்பத்தினர் யாரும் அதில் பேசியிராவிட்டாலும், அதே தெருவில் வளர்ந்த வேறொருவர் பேசியிருக்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1871இலிருந்து நடந்தவற்றின் அச்சிட்ட அறிக்கைகள் தலைகளை எண்ணுகின்றன, பெயர்களைச் சொல்வதில்லை.

ஐந்தாம் படி: அவர் எப்படிப்பட்டவராக வந்தார்?

ஒருவர் வந்த விதத்தைப் பொறுத்தே அவர் விட்டுச்சென்ற தாளும் அமையும். சொந்தச் செலவில் கப்பலின் மேல்தளத்தில் வந்த வணிகரும் கூலியாளும் வருகையில் ஏறக்குறைய எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்லவில்லை. பிஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்களுக்குத் தகப்பன் பெயர், கிராமம், உயரம், தழும்பு எல்லாம் எழுதிய பயணச்சீட்டுகள் இருப்பதைப் பார்த்து நமக்கும் அப்படி இருக்கும் என்று நம்பி ஏமாறக் கூடாது.

அவ்வாறான விவரத்தோடு எழுதப்பட்டவர்கள் கைதிகள். 1824ஆம் ஆண்டு ஆங்கிலேய–டச்சு உடன்படிக்கையால் சுமத்ராவிலிருந்த பெங்கூலன் டச்சுக்காரரிடம் கைமாறியதும் அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825இல் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அதன்பின் இந்திய மாகாணங்களிலிருந்து நேராகவும் வந்தார்கள். 1873இல் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. தண்டனை முடிந்தோ விடுப்புச் சீட்டுப் பெற்றோ பலர் இங்கேயே குடும்பம் நடத்தினார்கள். கைதி ஒருவரோடு அனுப்பப்பட்ட அடையாள விவரப் பட்டியலில் தகப்பன் பெயர், சாதி, ஊர் ஆகியவை இருக்கும் என்பதால், குடும்பத்தில் ‘ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள்’ என்று தோன்றினால் இந்த வழியையும் பாருங்கள். தேடுகிறவருக்கு, நேர்மையான கடைக்காரப் பூட்டனைவிடக் கைதிப் பூட்டன் எளிதில் அகப்படுவார்.

நகரத்தார் குடும்பங்களின் நிலை வேறு. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது பலர் சேர்ந்து தொழில் நடத்திய வட்டிக்கடைக் கட்டடங்களில், கடை நடத்தியவர்கள் தங்களை விலாசத்தால் குறித்தார்கள். வரிசையான அந்த முதலெழுத்துகள் முன்னோர் பெயர்களைத் தாங்கி நிற்பவை என்பதால், விலாசத்தை விரித்தால் வம்சாவளியே கிடைக்கும். ஊரில் திருமணத்துக்கு அந்தந்த நகரக் கோயிலிலிருந்து மாலை வரும் வழக்கம், திருமணத்தைக் கோயிலில் பதிந்ததற்கு ஒப்பாக இருந்தது. 1859இல் எழுந்த டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை விசாரிப்பதோடு, இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பதில் தங்கள் கோயில் எது என்று தெரிந்து அங்கேயும் விசாரிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்தவர்களின் சந்ததியினர் தமிழ்நாட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்களுக்கு டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள் எனப்படும் நிலப் பதிவேடுகளும் அமெரிக்க மிஷன் பள்ளிப் பதிவுகளும் உண்டு.

ஆறாம் படி: வழிபாட்டு இடங்கள்

கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். 1888இல் ஓஃபிர் சாலையில் எழுந்த லூர்து அன்னை ஆலயத்துக்கு முன்பு தமிழர்கள் புனித பீட்டர், பால் ஆலயத்தைச் சீனக் கத்தோலிக்கரோடு பகிர்ந்துகொண்டதால் அங்கேயும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சுவையான சிக்கல்: பதிவேட்டை எழுதிய குருமார் லத்தீனில் எழுதினார்கள். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அதில் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், சூசை யோசேபுஸ், சவரிமுத்து சவேரியாரின் லத்தீன் பெயரில் ஒளிந்திருப்பார். இந்த இணைகள் தெரியாமல் தேடினால் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டே பெயரைத் தவறவிடுவோம். மெதடிஸ்ட் குடும்பமானால், தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையின் தொடக்கம் 1887 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் திருமணங்களை 1880ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் பதிய வழி ஏற்பட்டது. ஜாமியா சூலியா பள்ளிவாசல், அல் அப்ரார் பள்ளிவாசல், நாகூர் தர்கா ஆகியவற்றின் அறக்கட்டளை வழக்குகளிலும் தமிழ் முஸ்லிம் பெயர்கள் நிறையக் கிடைக்கும். மலாய்ப் பெண்களை மணந்தவர்களின் பிள்ளைகள் ஜாவி பெரானாக்கான் ஆகி, பட்டப்பெயர் போய் ‘பின்’ வந்துவிட்டதால், அந்த இடத்தில் பெயர்ச்சங்கிலி அறுந்தது போலத் தோன்றும்; தகப்பன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தொடருங்கள்.

இந்துக்களுக்குத்தான் கடினம். கட்டாயத் திருமணப் பதிவு 1961ஆம் ஆண்டு மாதர் சாசனத்தோடுதான் வந்தது. கோவில் கல்வெட்டுகள், உபயதாரர் பலகைகள், நன்கொடைக் கணக்குகள் ஆகியவையே துணை.

தேதிகளைப் படித்தல்

வீட்டுப் பழந்தாள்களில் ஆங்கில ஆண்டு இருக்காது. ‘சர்வசித்து ௵ ஆவணி ௴’ என்றிருந்தால் அது 1887ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு கழித்து 1947ஆகவும் இருக்கலாம். தாளின் பிற செய்திகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும் அடையாளங்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் தாள்களில் வரும் கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825ஐக் கூட்டுங்கள். சாலிவாகன சகாப்தமானால் 78. நிலவரித் தாள்களில் பசலி வரும். அதோடு 590ஐக் கூட்டினால், அந்தப் பசலி எந்த ஆங்கில ஆண்டின் ஜூலையில் தொடங்கியது என்பது கிடைக்கும். பசலி 1300 என்பது 1890–91.

பெயர் எங்கிருந்து வந்தது?

இவ்வளவும் சேர்ந்த பிறகே குடும்பப் பெயரின் மூலத்தை ஆராய வேண்டும். நான் பார்த்த வரையில் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் கடைசிப் பெயர்களில் மிகுதியானவை ஒரு குறிப்பிட்ட பாட்டனின் இயற்பெயர்கள்தாம். அவற்றுக்கு அகராதியில் பொருள் தேடுவதைவிட, அந்தப் பாட்டன் எந்த ஆண்டு, எந்த மேசையின் முன் நின்றார் என்று கண்டுபிடிப்பதே விடை. பட்டப்பெயர்களைப் பொறுத்தவரை ஒன்றை மறக்கக் கூடாது. பிள்ளை என்ற பட்டத்தை வேளாளர் மட்டுமின்றி வேறு பல சமூகத்தாரும் இட்டுக்கொண்டார்கள். கடல் கடந்தபின் மரியாதைக்காகச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஒரே பட்டம் இருப்பதால் இரு குடும்பங்கள் உறவாகிவிடா. இதற்கு மாறாகக் கள்ளர் சமூகத்தின் வாண்டையார், மழவராயர், சோழகர் போன்ற பட்டங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பவை. குறிப்பிட்ட ஊர்களோடு கட்டுண்டவையும்கூட. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் தேடும் வட்டம் சுருங்கிவிடும். ராவுத்தர் குதிரைப்படையோடும், மரைக்காயர் மரக்கலத்தோடும் தொடர்புடைய பெயர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது சமூகத்தின் பழங்கதையைச் சொல்லுமே தவிர, உங்கள் பூட்டன் கப்பல் வைத்திருந்தார் என்று சொல்லாது.

காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு மட்டும் தனிக்கதை உண்டு. 1881ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சு அரசு வெளியிட்ட ஆணையின்படி, தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிய வேண்டியிருந்தது. நம் மரபில் குடும்பப் பெயருக்குத் தேதி போட்ட பிறப்புச் சான்று இருக்குமானால் அது இங்கேதான். பிரெஞ்சு இந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை ஏக்ஸ் நகரிலுள்ள பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிகளின் ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

கடல் கடந்து தேடுதல்

ஊர்ப்பெயர் கிடைத்ததும் வரைபடத்தைப் பழைய கண்ணால் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினம் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. அது தனி மாவட்டமானது 1991இல். இராமநாதபுரமும் சிவகங்கையும் மதுரை ஜில்லாவின் ஜமீன்கள். இராமநாதபுரம் ஜில்லா 1910இல்தான் பிறந்தது. புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால் தாலுகா தெரியாமல் புறப்பட வேண்டாம்; புதூர் என்று மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரியாததற்குச் சமம்.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் பழைய பைமாஷ் என்னும் நில அளவைக் கணக்குகள், இனாம் நிலப் பதிவேடுகள், நிலவரித் திட்டப் பதிவேடுகள் உள்ளன. நிலம் வைத்திருந்தவரின் பெயரும் தகப்பன் பெயரும் அவற்றில் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களைத் தேட விண்ணப்பிக்கலாம். ‘சிங்கப்பூரில் இருக்கும் இன்னார்’ என்று பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்றில் எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய பேறு இல்லை. ஊர்க்கணக்கரான கர்ணத்தின் பரம்பரை முறை 1980இல் ஒழிக்கப்பட்டாலும், பழைய கர்ணம் வீட்டாரிடம் ஊர்க்கதை தங்கியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்த கையோடு அவர்களையும் பாருங்கள். நிலம் பற்றிக் கேட்கத் தொடங்கியதுமே பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஊரார் சந்தேகிப்பார்கள். பெயர் தெரிந்தால் போதும், சொத்து வேண்டாம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மரபணுச் சோதனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்துகொண்ட நம் குடும்பங்களில், தூரத்து உறவினரையும் அது நெருங்கியவராகக் காட்டிவிடும். தாள்களெல்லாம் தீர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் போக நாள் பார்ப்பதானால், தென் மாவட்டங்களில் குலதெய்வக் கோவிலுக்குப் பங்காளிகள் கூடும் நாளாகப் பாருங்கள்: பல இடங்களில் மாசி சிவராத்திரி, சாஸ்தா கோவில்களானால் பங்குனி உத்திரம். ஆவணங்களின் நகல்களைவிட, பெரிய எழுத்தில் அச்சிட்ட வம்சாவளிப் படம் ஒன்றை, தெரியாத பெயர்களின் கட்டங்களைக் காலியாக விட்டு, ஒரு பேனாவோடு எடுத்துச் செல்லுங்கள். நான் போனபோது குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்துகளின் புகைப்படத்தையும் அதன் மூலையில் ஒட்டி வைத்திருந்தேன். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கி, பூட்டனுக்கு மேலே இருந்த இரண்டு கட்டங்களை நிரப்பிக் கொடுத்தார்.